ஒரு லோடு கருமண்

எங்கள் மில்லில் தீ என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. கேண்டீனில் அடுப்பு மூட்டுகிறவர்கூட "ஆரம்பிச்சிட்டேன்" என்றுதான் சொல்வார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு, மில்லின் பின்புறம் இருந்த கருமண் குவியல் தானாகப் பற்றிக்கொண்டதாம். இரண்டு நாள் எரிந்ததாம். யாருக்கும் காயமில்லை. ஆனால் முதலாளி ரசிக்லால் சேட் அந்த இரண்டு நாளும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள்.

நான் லேபில் இருக்கிறேன். கடி என்ற எங்கள் ஊரில் பருத்திக்கொட்டை எண்ணெய் மில் இல்லாத தெரு குறைவு. கொட்டையை ஆட்டினால் வரும் எண்ணெய் கறுப்பாக இருக்கும். அதை வெளுக்க ஒரு வெள்ளை மண்ணைச் சேர்க்கிறோம். மண் எண்ணெயின் நிறத்தைக் குடித்துவிட்டுத் தான் கறுத்துப்போகும். வடிகட்டியில் தங்கும் அதுதான் கருமண். ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் இன்னும் அதற்குள் இருக்கும். மெல்லிசாகப் பரப்பி வைத்தால் சாது. குவித்து வைத்தால் உள்ளே புழுங்கிச் சூடேறும். மறுநாள் புகையும்.

சேட் அதை மில்லுக்குள் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார். தினமும் அது லாரியில் நூறு கிலோமீட்டர் போய் ஒரு பள்ளத்தில் புதைந்தது.

நவம்பர் கடைசியில் பக்கத்து ஊர் ரேவாபென் லேபுக்கு வந்தார். கையில் ஒரு செங்கல். மேசைமேல் வைத்தார்.

"உடைச்சுப் பாருங்க தருபென்."

"எதுக்கு?"

"உடைச்சுட்டுக் கேளுங்க."

சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது தட்டில்தான் உடைந்தது. விளிம்பிலிருந்து நடு வரை ஒரே சிவப்பு.

"உங்க மில்லு மண்ணு. பத்துச் சட்டி களிமண்ணுக்கு ஒரு சட்டி. திருடல. லாரியில இருந்து ரோட்டுல சிந்தினதைக் கூட்டி அள்ளினேன். வீட்டு அடுப்புல வச்சு சுட்டேன். பாதி விறகுதான் வச்சேன். மீதியை கல்லே எரிச்சுக்கிச்சு."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

"அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க."

"எந்த வார்த்தை? எரியறதா?"

"அதேதான்."

"சரி, சொல்லல. எங்க சூளை ரெண்டு வருசமா எரியாம கிடக்கு. இதைச் சொல்லலாமா?"

மில்லிலிருந்து நாலு கிலோமீட்டரில் அவர் ஊர். அவருக்கும் கணவர் சோமாபாய்க்கும் சொந்தமாக ஒரு சூளை இருக்கிறது. நிலக்கரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு குளிர்காலமாக இருவரும் அடுத்தவர் சூளையில் கல் அறுக்கப் போகிறார்கள்.

"எங்க சூளைக்குள்ள நாய் குட்டி போட்டிருக்கு. நல்ல நாய்தான். ஆனா சூளை நாய்க்குக் கட்டினது இல்ல. இந்த மண்ணு கிடைச்சா நிலக்கரி கால்வாசி போதும். இந்த வருசமே மூட்டிடுவேன்."

சேட்டிடம் கூட்டிப்போனேன். அவர் உடைந்த செங்கலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேவாபென் முந்தானையில் முடிந்து வந்திருந்த பிடி மண்ணை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. கருமண் என்றால் அவர் கை பின்னால் போய்விடும்.

"உத்தரவாதம் யாரு?" என்றார்.

"நான்," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. செங்கல் நன்றாக இருந்தது.

"ஒரு லோடு தர்றேன். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து பாப்பேன். ஒரு தடவை புகைஞ்சுதுன்னு தெரிஞ்சாலும் அதோட சரி. இனிமே இந்தப் பேச்சே கூடாது."

"புகையலன்னா?"

"அப்பறம் பாக்கலாம்."

"இப்பவே சொல்லிடுங்க சேட். நான் பாட்டணுக்குக் கல்யாணத்துக்குப் போறேன். மனசு இங்கயே கிடந்தா சாப்பாடு இறங்காது."

சேட் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"புகையலன்னா சீசன் முழுக்க உங்களுக்குத்தான்," என்றார்.

வியாழக்கிழமை டிராக்டரில் லோடு போனது. நானும் போனேன். சூளைக்குப் பக்கத்துக் களத்தில் நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினோம். அப்பளம் காயப்போட்ட மாதிரி என்றார் ரேவாபென். களிமண் குழியில் வெட்டிப் போட்ட மண் காய்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை அவர் வந்ததும் கலவை தொடங்குவதாகத் திட்டம்.

அதுவரை காவல் சோமாபாய். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் செய்யத் தெரியாது. சும்மா இருக்கவும் தெரியாது.

"கேட்டீங்களா," என்றார் ரேவாபென் அவரிடம். "காலையும் சாயங்காலமும் தண்ணி தெளிக்கணும். மதியம் ஒரு தடவை கிளறி விடணும். மூணாவதா ஒண்ணும் செய்யக் கூடாது."

"செய்ய மாட்டேன்."

"என்ன செய்ய மாட்டீங்க?"

"மூணாவதை."

ரேவாபென் என்னைப் பார்த்தார். "சரிதான். போயிட்டு வந்துடறேன். தனுர் மாசம் பொறந்துட்டா அப்பறம் ஒரு மாசம் கல்யாணமே கிடையாது. என் அண்ணன் பொண்ணுக்கு இதுதான் கடைசி முகூர்த்தம். இல்லன்னா போக மாட்டேன்."

சனிக்கிழமை மதியம் மழை வந்தது.

டிசம்பரில் எங்கள் பக்கம் மழை வருவது திருடன் வருவது மாதிரி. களத்தில் பருத்தி இருக்கும். மாட்டுத் தீவனம் இருக்கும். முதல் துளி விழுந்ததும் ஊரே ஓடும். யாருடையது என்று பார்க்காது. குவிக்கும், மூடும், கயிறு கட்டும், அடுத்த களத்துக்கு ஓடும். எல்லாம் முடிந்த பிறகுதான் ஆளுக்கு ஆள் முகம் துடைத்துக்கொண்டு, யார் களத்தில் நிற்கிறோம் என்று பார்ப்பார்கள்.

லேப் ஜன்னலிலிருந்து மழையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். பரப்பி வைத்த கருமண்ணுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. சோமாபாய்க்குத் தண்ணீர் தெளிக்கும் வேலைகூட மிச்சம். அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு ஸ்கூட்டரில் போனேன். வானம் வெளுத்திருந்தது. காற்று ஜில்லென்று இருந்தது. திருப்பத்தில் நின்றுவிட்டேன்.

களத்தில் ஒரு கோபுரம் நின்றது. நீலத் தார்ப்பாய், மஞ்சள் தார்ப்பாய், அதற்குமேல் ஒரு பழைய சினிமா பேனர். குறுக்கும் நெடுக்கும் கயிறு. சுற்றிலும் செங்கல் பாரம். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் சோமாபாய் உட்கார்ந்து தட்டில் ஊற்றி டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட ஜோய்தா காகா. பக்கத்து நிலத்துப் படேல். எழுபது வயது.

"வாங்க தருபென்!" என்றார் சோமாபாய். "ஒரு சொட்டு உள்ள போகல. ஒரு சொட்டு!"

"யாரு குவிச்சது?"

"எல்லாரும்தான். நாப்பது பேரு. பத்து நிமிசம் ஆகல."

"இந்த நீலம் என்னுது," என்றார் ஜோய்தா காகா. "எம் பருத்தி மேல இருந்து உருவிட்டு வந்தேன். பருத்தி நனைஞ்சா வெயில்ல காஞ்சுக்கும். ரேவா அடுத்தவன் சூளையில எத்தனை நாளைக்குக் கல்லு அறுப்பா?"

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பழைய பூரிச் சட்டி வாசனை மட்டும் வந்தது. தார்ப்பாய்மேல் கையை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

"சூடா இருக்கா?" என்றார் காகா. "நல்லதுதானே. உள்ளேயே காஞ்சுடும்."

மேலே, பேனரும் தார்ப்பாயும் சேரும் இடத்தில், நூல் மாதிரி ஒரு புகை வந்தது. காற்றில் வளைந்து மறைந்தது. மறுபடி வந்தது.

"காகா, அது ஆவி இல்ல," என்றேன்.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திங்கட்கிழமை வர வேண்டிய ரேவாபென் அப்போது ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். பச்சைப் பட்டுப் புடவை, கையில் மருதாணி, இனிப்புப் பெட்டி. ரோட்டிலேயே மூக்கைச் சுருக்கினார். நடையை வேகமாக்கினார். கோபுரத்தைப் பார்த்ததும் இனிப்புப் பெட்டியைக் கட்டிலில் வைத்தார். எறியவில்லை. வைத்தார்.

"எத்தனை வேலை சொன்னேன்?"

"ரெண்டு," என்றார் சோமாபாய்.

"இது எத்தனாவது?"

"மழை வந்துச்சு ரேவா."

"வந்தா?"

"மூடினோம்."

"ஏன்?"

சோமாபாய்க்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை. "மழை வந்துச்சே," என்றார்.

"மழை வந்தா மூடாம நிக்கறவன் மனுசனா?" என்றார் ஜோய்தா காகா.

ரேவாபென் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "நான் இங்க இருந்திருந்தாலும் மூடித்தான் இருப்பேன். ஓடும்போது எது அப்பளம், எது பருத்தின்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? இப்ப சொல்லுங்க, என்ன செய்யறது?"

"ஒரேயடியா தார்ப்பாயை உருவக் கூடாது. காத்து உள்ள போனா பிடிச்சுக்கும். ஓரமா கொஞ்சம் கொஞ்சமா திறந்து, எடுத்து, தண்ணியில நனைச்சுப் பரப்பணும்."

"பம்புக்குக் கரண்டு இந்த வாரம் ராத்திரி முறை," என்றார் சோமாபாய். "தொட்டியில பத்துக் குடம் இருக்கும்."

பத்துக் குடம் அந்தக் குவியலின் தாகத்துக்கு வாய் கொப்பளிக்கக்கூடக் காணாது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. சேட் நாலு மணிக்கு வருகிறார். அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வருகிறவர்.

ரேவாபென் களத்தைச் சுற்றி நடந்தார். களிமண் குழியின் கரையில் நின்றார். குழி நிறைய மழைத் தண்ணீர். வெட்டிப் போட்ட களிமண் கூழாகிப் பழுப்புக் கஞ்சி மாதிரி கிடந்தது.

"மழைன்னதும் இதை நினைச்சுத்தான் முன்னாடியே கிளம்பி, வர்ற வழியெல்லாம் அழுதுகிட்டு வந்தேன்," என்றார். "குழி நெறஞ்சிருக்கும், தண்ணி வத்தி கெட்டிப்பட ஒரு வாரம் ஆகும்னு." பிறகு புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினார். "தண்ணி அங்க வராது. மண்ணு இங்க வரலாமே."

"நேரா குழிக்குள்ளயா?" என்றார் சோமாபாய். "ரேவா, காஞ்ச களிமண்ணோட காஞ்ச தூளைக் கலந்து, அதுக்கு அப்பறம்தான் தண்ணி. எங்க அப்பா காலத்துல உமி கலந்தப்பவும் அப்படித்தான். நீ தலைகீழா செய்யற."

"தலைகீழா ஆரம்பிச்சு வச்சது நீங்க. நான் முடிச்சு வைக்கறேன். தருபென், இது தப்பா?"

யோசித்தேன். தண்ணீரில் விழுந்தால் கனல் செத்துவிடும். கூழும் கெட்டிப்படும். களிமண் ஒவ்வொரு தூளையும் சுற்றிக்கொண்டால் பிறகு காற்றுப் படாது, சூடேறாது. இத்தனை வருடம் படித்தும் எனக்கு அது தோன்றியதில்லை.

"தப்பே இல்ல," என்றேன்.

"ஊரைக் கூப்பிடுங்க," என்றார் ரேவாபென் கணவரிடம். "மூடத் தெரிஞ்சவங்களுக்குத் திறக்கவும் தெரியும்."

நாற்பது பேரும் வந்தார்கள். மூடியது தப்பு என்று கேட்டதும் முதலில் கொஞ்சம் முகம் கோணினார்கள். பிறகு புகையைப் பார்த்தார்கள். மண்வெட்டியும் இரும்புச் சட்டியும் எடுத்துவர ஓடினார்கள். குவியலிலிருந்து குழி வரை வரிசை நின்றது. காற்று வராத பக்கமாக ஒரு மூலையை மட்டும் திறந்தேன். சோமாபாய் வெட்டினார். முதல் சட்டி கை மாறி மாறிப் போய்க் குழியில் விழுந்தது. சொய் என்றது. வெள்ளை ஆவி எழுந்தது.

"தோசை!" என்று யாரோ கத்தினார்கள். வரிசை முழுக்கச் சிரித்தது.

இருபது சட்டிக்குப் பிறகு வெட்டின இடத்தில் ஒரு சிவப்புக் கண் தெரிந்தது. சிரிப்பு நின்றது. சோமாபாய் ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். கண் மூடியது. பக்கத்தில் இன்னொன்று திறந்தது.

"அதைக் கொத்தாதீங்க," என்றேன். "மொத்தமா அள்ளுங்க. நேரா தண்ணிக்கு."

அவர் மண்வெட்டியை அடியில் கொடுத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அந்தக் கனலைத் தூக்கிச் சட்டியில் வைத்தார். சட்டி வேகமாகக் கை மாறியது. குழிக்குள் விழுந்தபோது பெரிதாகச் சீறியது. அப்புறம் ஒன்றுமில்லை.

ஒன்றரை மணிக்குக் குவியல் பாதியானது. ஆனால் குழியில் கருமண் கட்டி கட்டியாக நின்றது. ஒரு கட்டியைக் குச்சியால் பிளந்தேன். உள்ளே உலர்ந்து, புகைந்தபடி இருந்தது.

"மிதிக்கணும்," என்றார் ரேவாபென். "இப்பவே."

மிதிக்கத் தெரிந்தவர்கள் சோமாபாயும் இன்னும் இரண்டு பேரும்தான். அவர்கள் மண்வெட்டியில் இருந்தார்கள். ரேவாபென் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"அடியே, இறங்குங்கடி."

"பட்டுப் புடவையில நீ இறங்கு, பின்னாடி நாங்க வர்றோம்," என்றாள் பால் சொசைட்டியில் அளவு பார்க்கும் தீவாளி. குரல் பெரிது. அவள் பேசினால் எருமை திரும்பிப் பார்க்கும்.

ஸ்கூட்டர் பெட்டியில் லேப் தெர்மாமீட்டர் இருந்தது. எடுத்துவந்து, முதலில் நனைந்த பக்கத்தில் நாலு இடத்தில் விட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று. நாற்பது. நாற்பது.

"இந்தப் பக்கம் இறங்கலாம்," என்றேன். "அந்தப் பக்கம் நான் சொன்ன பிறகு."

ரேவாபென் இறங்கினார். பட்டுப் புடவை முழங்கால் வரை. முகம் மாறியது.

"சுடுதா?" என்றாள் தீவாளி.

"இல்லடி." அவர் சிரித்தார். "கல்யாண வீட்டுல வெந்நி தர்றேன்னு சொல்லிட்டு யாரும் தரல. இங்க இருக்கு."

மழைக்குப் பிந்திய டிசம்பர். எல்லார் காலும் காலையிலிருந்து மரத்துக் கிடந்தது. தீவாளி ஒரு விரலை வைத்தாள். பிறகு இரண்டு காலும். அவ்வளவுதான். பத்துப் பேர் இறங்கினார்கள், பிறகு பதினைந்து. நான் செருப்பைக் கழற்றினேன். கணுக்கால் வரை இதமான சூடு. உள்ளே அங்கங்கே ஒரு கட்டி பாதத்தில் பட்டு உடைந்து நழுவியது.

ஆளுக்கு ஒரு பக்கம் மிதித்தோம். மோதிக்கொண்டோம். ஒருத்தி விழுந்தாள்.

"இப்படி மிதிச்சா மண்ணு கலக்காது, மண்டைதான் கலங்கும்," என்றார் ரேவாபென். "வட்டமா வாங்க. நவராத்திரிக்குச் சொல்லிக் குடுக்கணுமா?"

அதற்குப் பிறகு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தீவாளி அம்மனை அழைக்கிற பாட்டை எடுத்தாள். மூன்று தட்டு, ஒரு திருப்பம். நவராத்திரியில் வட்டமாகச் சுற்றிக் கர்பா ஆடாத கால் எங்கள் பக்கம் கிடையாது. வட்டம் சுற்றச் சுற்றக் கட்டிகள் உடைந்தன. பழுப்புக் கஞ்சி கறுத்தது. கெட்டிப்பட்டது. ஜோய்தா காகா ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தார். தாளம் கொஞ்சம் முன்னே ஓடியது. யாரும் கவலைப்படவில்லை.

"பத்துக்கு ஒண்ணு!" என்று ரேவாபென் வட்டத்துக்குள்ளிருந்தே கத்தினார். "களிமண்ணை மறக்காதீங்க! ஒரு கறுப்புக்குப் பத்துப் பழுப்பு!"

ஆண்கள் ஒரு பக்கம் கருமண் சட்டியும் மறு பக்கம் களிமண் சட்டியுமாகக் கொட்டினார்கள். நான் வட்டத்திலிருந்து வெளியே வந்து தெர்மாமீட்டரை விடுவேன், அடுத்த பக்கத்தைத் திறந்துவிடுவேன், மறுபடி வட்டத்துக்குள் புகுவேன். கண்ணாடியில் மண் தெறித்துப் பாதி எண் தெரியவில்லை.

மூன்று மணிக்குக் களத்தில் ஒரு கறுப்பு வட்டம்தான் மிச்சம். சோமாபாய் அதையும் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார். அப்போது சேட்டின் ஜீப் வந்து நின்றது.

சேட் வெள்ளை சட்டை, வெள்ளை பேன்ட். மழைக்கால ஷூ. இறங்கி நின்று பார்த்தார். களத்தில் குவியல் இல்லை. பரப்பின மண்ணும் இல்லை. குழிக்குள் இருபது பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய லேப் கெமிஸ்ட் அதில் ஒருத்தி.

"நவராத்திரி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே," என்றார்.

யாரும் நிற்கவில்லை. வட்டம் நின்றால் கால் புதைந்துவிடும்.

"வாங்க சேட்," என்றார் ரேவாபென் சுற்றியபடியே.

"எம் மண்ணு எங்க?"

"காலுக்குக் கீழ."

"திங்கக்கிழமைதானே கலக்கறதா சொன்னீங்க?"

"திங்கக்கிழமை சீக்கிரம் வந்துருச்சு சேட்."

சேட் குழிக் கரைக்கு வந்தார். மூக்கை உயர்த்தினார். "ஏதோ வாசனை வருதே."

சோமாபாய் துடைப்பத்தைக் கீழே போட்டார். "கல்யாண வீட்டு இனிப்பு இருக்கு. எடுத்துக்கறீங்களா?"

"இனிப்பு வாசனை இல்ல இது."

எல்லாரும் அவரவர் காலைப் பார்த்தார்கள். ஜோய்தா காகா உதவ நினைத்தார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சேட்," என்றார் டின்னைத் தட்டிக்கொண்டே. "எல்லாத்தையும் மங்களம் பண்ணிட்டோம்."

எங்கள் பக்கம் விளக்கை அணைத்தேன் என்று யாரும் சொல்ல மாட்டோம். வாய்க்கு ஆகாது. மங்களம் பண்ணினேன் என்போம். எரியாத ஒன்றை யாராலும் மங்களம் பண்ண முடியாது.

டின் சத்தம் நின்றது. வட்டம் இன்னும் இரண்டு அடி போய் நின்றது.

"எதை?" என்றார் சேட்.

காகா டின்னைப் பார்த்தார். அதில் பதில் எழுதியிருக்கவில்லை.

நான் குழியிலிருந்து ஏறி வந்தேன். முழங்கால் வரை கறுப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். குவித்து மூடியிருந்தது. காலையில் புகைந்தது. நடுவில் கனல் இருந்தது. பன்னிரண்டுக்கு ஆரம்பித்தோம். இப்போது இல்லை. உத்தரவாதம் கொடுத்தது நான்.

சொல்லி முடித்தபோது ரேவாபென்னின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"யாரு மூடினது?"

"நான்," என்றார் சோமாபாய்.

"நானு. தார்ப்பாய் என்னுது," என்றார் ஜோய்தா காகா.

"நாங்களும்தான்," என்றது குழியிலிருந்து தீவாளியின் குரல். பிறகு மண்வெட்டிக்காரர்கள், சட்டிக்காரர்கள்.

"மூடாதவங்க யாருன்னு கேட்டா சீக்கிரம் முடியும் போல," என்றார் சேட். "ஏன் மூடினீங்க?"

"மழை வந்துச்சு சேட்," என்றார் சோமாபாய்.

சேட் தலையாட்டினார். நிறைய நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நானும் மழைக்குத்தான் மூடினேன்," என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"அந்த வருசம் மில்லுல. சாயங்காலம் தூறல் போட்டுது. குவிச்சு மூடுங்கடான்னு நான்தான் சொன்னேன். மில்லு வச்சு முப்பது வருசம் ஆச்சு, ஆனா நான் பருத்திக்காரன் பையன். மழைன்னா கை தானா போகுது. யார்கிட்டயும் சொன்னதில்ல. எல்லாரும் மண்ணு மேல பழியைப் போட்டாங்க. நானும் விட்டுட்டேன்."

"நல்ல தார்ப்பாயா?" என்று கேட்டார் ஜோய்தா காகா.

"புதுசு," என்றார் சேட்.

காகா ஆறுதலாக நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"எங்க மில்லுல ரெண்டு நாள்," என்றார் சேட் என்னிடம். "வண்டி வண்டியா தண்ணி. இங்க?"

"மூணு மணி நேரம்," என்றேன். "மழைத் தண்ணிதான்."

அவர் எழுந்து குழிக் கரையில் குந்தி உட்கார்ந்தார். கையை நீட்டினார். இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டி மணிக்கட்டு வரை விட்டார். எடுக்கவில்லை.

"வெதுவெதுன்னு இருக்கு."

"கால் வச்சுப் பாத்தா இன்னும் நல்லா இருக்கும்," என்றார் ரேவாபென். "ஆனா நின்னுகிட்டே பேச முடியாது சேட். கெட்டிப்படுது. நாங்க சுத்தணும்."

"சுத்துங்க."

தீவாளி விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தாள். டின் தொடங்கியது. வட்டம் நகர்ந்தது.

சேட் கொஞ்ச நேரம் பார்த்தார். ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸை உள்ளே திணித்தார். பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்தார். டிரைவர் ஜீப்பிலிருந்து இறங்கி ஓடி வந்தார். சேட் கையால் அவரை அங்கேயே நிறுத்தினார்.

"மில்லுல சொல்லாதே," என்றார் என்னிடம்.

"எதை?"

"இதை," என்று சொல்லி இறங்கினார்.

முதல் அடியில் தடுமாறினார். சோமாபாய் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்தோம். அவருக்குத் திருப்பம் வரவில்லை. எல்லாரும் உள்ளே திரும்பும்போது அவர் வெளியே திரும்பினார். மண் அவர் சட்டை முதுகு வரை தெறித்தது. இரண்டாவது சுற்றில் தட்டு சரியாக விழுந்தது.

"இனிமே ஒரு சட்டி கூட தரையில இறங்கக் கூடாது," என்று பாட்டுக்கு மேலே கத்தினார். "வண்டியில இருந்து நேரா குழிக்கு!"

"நேரா குழிக்கு!" என்று கத்தினார் ஜோய்தா காகா, டின்னில் ஓங்கித் தட்டி.

"நாளையில இருந்து வாரத்துக்கு எத்தனை லோடு தாங்கும்?"

ரேவாபென் வட்டத்தின் எதிர்ப் பக்கத்தில் இருந்தார். கேட்டுவிட்டார். முகம் முழுக்க மண், கண் மட்டும் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையில் சுத்தமான இடம் இல்லை. தோளில் துடைத்துக்கொண்டார்.

"எத்தனைன்னு கேட்டேன்!" என்றார் சேட்.

"இருங்க சேட், எனக்கு மூச்சு வாங்குது," என்றார் ரேவாபென். "இந்தச் சுத்து முடியட்டும். சொல்றேன்."

சேட் காலைத் தூக்கி அடுத்த அடியை வைத்தார்.